பன்னீர் திராட்சைக்குத் தண்ணீர்: எந்த நாள், எத்தனை லிட்டர்? முழுமையான வழிகாட்டி

கம்பம், சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் "வாரம் ஒரு தண்ணி" என்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் ஏறக்குறைய அதுதான். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒன்று, அப்புறம் வாரம் ஒருமுறை. கவாத்துக்கு (கிளைகளை வெட்டிவிடும் வேலைக்கு) ஒரு வாரம் முன்பும் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பும் நிறுத்த வேண்டும். இதில் தப்பில்லை. ஆனால் இது நடுத்தரமான மண்ணில், வாய்க்கால் பாசனத்தில், இலை நிறைந்த பந்தலுக்குப் பொருந்தும் சராசரி. கவாத்து முடிந்து ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும் பந்தலுக்கும் பிஞ்சு பெருக்கும் பந்தலுக்கும் ஒரே இடைவெளியில் ஒரே அளவு விட்டால், முதலாவதற்கு மிஞ்சும், இரண்டாவதற்குப் போதாது.

தண்ணீர் விடும் நாளை மண் சொல்ல வேண்டும். அளவை இலைப்பரப்பு சொல்ல வேண்டும். கூட்டிக் குறைப்பதைக் கொடியின் பருவம் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி மோட்டார் ஓடும் மணியாக மாற்றுவது என்று வரிசையாகப் பார்ப்போம். உதாரணங்கள் எல்லாம் பன்னீர் திராட்சையை வைத்துத்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். ஓடைப்பட்டிப் பக்கத்து விதையில்லாத் திராட்சைக்கும் கணக்கு முறை இதேதான்; பருவ நாட்கள்தான் மாறும்.

முதலில் மண்ணைத் தோண்டுங்கள்

மேல் மண் காய்ந்திருப்பது எதையும் சொல்லாது. சித்திரை வெயிலில் காலையில் விட்ட தண்ணீர் மாலைக்குள் மேலே இரண்டு அங்குலம் உலர்ந்துவிடும். ஒரு அடி கீழே மண் குழைந்து கிடக்கும். இதற்கு நேர்மாறாக, தினமும் அரை மணி நேரம் சொட்டு நீர் ஓடும் தோட்டத்தில் மேலே எப்போதும் ஈரம் இருக்கும், இரண்டு அடியில் தூசு பறக்கும். பந்தலில் வளரும் திராட்சையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடிக்குள் இருக்கிறது. அதனால் பார்க்க வேண்டிய ஆழம் ஒரு அடியும் இரண்டு அடியும்.

மண் துளைக்கும் ஆகர் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் கடப்பாரையும் மம்பட்டியும் போதும். கொடியின் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, டிரிப்பருக்கு (சொட்டு நீர் விழும் முனைக்கு) நேர்கீழே இல்லாமல் அதற்குச் சற்றுத் தள்ளித் தோண்டுங்கள். ஏக்கருக்கு மூன்று இடமாவது பாருங்கள்: மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, டிரிப்பர்கள் பொருத்திய லேட்டரல் குழாய் முடியும் கடைசியில் ஒன்று.

எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். கையில் ஈரம் ஒட்டி, உருண்டை வழுவழுப்பாக இருந்தால் தண்ணீர் இப்போது வேண்டாம். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம். பிடிக்கும்போதே உதிர்ந்தால் அன்றே விட வேண்டும். சரளை கலந்த செம்மண்ணில் உருண்டை எப்போதுமே சரியாகப் பிடிக்காது. அங்கே நிறத்தையும் குளிர்ச்சியையும் பார்த்துத்தான் பழக வேண்டும். தண்ணீர் விட்ட மறுநாள் ஒருமுறை, அடுத்த தண்ணீருக்கு முந்திய நாள் ஒருமுறை என்று நாலைந்து சுற்று தோண்டிப் பார்த்தால் உங்கள் மண்ணின் பாஷை கைக்குப் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டென்சியோமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை 30 செ.மீ. ஆழத்திலும் மற்றதை 60 செ.மீ. ஆழத்திலும் ஊன்றுங்கள். அது காட்டுவது வேர் தண்ணீரை இழுக்க எவ்வளவு பலம் போட வேண்டியிருக்கிறது என்பதை. 10 சென்டிபாருக்குக் கீழே என்றால் மண் தொப்பலாக இருக்கிறது. 10 முதல் 30 வரை நல்ல ஈரம். மணற்பாங்கான மண்ணில் 30-ஐத் தாண்டும்போதும், களிமண்ணில் 50, 60 வரும்போதும் தண்ணீர் விடலாம். 80-க்கு மேல் கருவிக்குள் காற்று புகுந்து முள் பொய் சொல்லத் தொடங்கும். அந்த அளவுக்குப் போகவே விடக் கூடாது. இரண்டு கருவி எதற்கு என்றால், ஆழத்தில் இருப்பதுதான் "எவ்வளவு" என்பதைச் சொல்லும். மேலே உள்ள முள் இறங்கி, கீழே உள்ளது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் மேலோட்டமாக விடுகிறீர்கள். கீழே உள்ளது எப்போதும் 10-ஐ ஒட்டியே நின்றால் உங்கள் தண்ணீரும் போட்ட யூரியாவும் வேருக்குக் கீழே போய்க்கொண்டிருக்கின்றன.

உங்கள் மண் எவ்வளவு பிடிக்கும்?

ஒரு மீட்டர் ஆழ மண் செடிக்குக் கொடுக்கக்கூடிய நீரைத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: சரளை மணலில் 60 மி.மீ., செம்மண் மணற்பாங்கான வண்டலில் 120 மி.மீ., கனத்த கரிசலில் 180 மி.மீ. இதை மி.மீ.யில் சொல்வதற்குக் காரணம், 1 மி.மீ. தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

வேர் ஆழம் 60 செ.மீ. என்றால் செம்மண்ணில் இருப்பு 72 மி.மீ. இதை முழுக்கக் காலி செய்யக் கூடாது. பழத்துக்கு வளர்க்கும் திராட்சையில் சுமார் 35 சதவீதம் தீர்ந்ததும் நிரப்பிவிட வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டு அளவு. 72-இல் 35 சதவீதம் 25 மி.மீ. பந்தல் நிறைந்த நாட்களில் தினமும் 4 மி.மீ. செலவாகும் என்றால் இது 6 நாளுக்கு வரும். "வாரம் ஒரு தண்ணி" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? நம் பெரியவர்கள் கணக்குப் போடாமலே சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அதே கணக்கைச் சரளையில் போட்டால் 3 நாள்தான் வருகிறது. கரிசலில் 9 நாள்.

பாத்தியில் பாய்ச்சுபவர்கள் ஒரு தடவைக்கு 5 செ.மீ. நிறுத்துவது வழக்கம். அது ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். செம்மண்ணில் தீர்ந்திருப்பதோ 25 மி.மீ., அதாவது 1 லட்சம் லிட்டர். மிச்சம் ஒரு லட்சம் கிணற்றிலிருந்து ஏறி, மின்சாரம் தின்று, மறுபடியும் நிலத்துக்குள்ளேயே போகிறது.

சொட்டு நீரில் இந்த இடைவெளி குறையும். டிரிப்பர் மண் முழுவதையும் நனைப்பதில்லை; பரப்பில் 40 சதவீதம் நனைந்தால் நல்ல அமைப்பு. 25 மி.மீ.யில் 40 சதவீதம் 10 மி.மீ. ஆகவே செம்மண்ணில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, சரளையில் தினமும், கரிசலில் மூன்று நாளுக்கு ஒருமுறை என்று தொடங்கலாம். தொடங்கத்தான் சொல்கிறேன். சரி செய்வது உங்கள் ஆகரும் கையும்.

பந்தல் ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது?

இதற்கு இரண்டு எண் வேண்டும். முதலாவது, வெயிலும் காற்றும் சேர்ந்து இழுக்கும் அளவு. வானிலை மையங்கள் இதற்கு வைத்திருக்கும் பாத்திரம் 120 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. உயரமும் உள்ளது. அதில் ஒரு நாளில் குறையும் நீரை 0.7 ஆல் பெருக்கினால் ஒரு புல்வெளி அன்றைக்குச் செலவழிக்கும் நீர் கிடைக்கும்; கணக்குக்கு அதுதான் அடிப்படை. தோட்டத்திலேயே வாயகன்ற தொட்டி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மேலே காக்கை, ஆடு குடிக்காமல் கம்பி வலை போட்டு, உள்ளே ஸ்கேல் ஒட்டிப் பார்க்கலாம். துல்லியமாக இருக்காது, ஆனால் இந்த வாரத்துக்கும் போன வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகக் காட்டும். தொட்டியில் 7 மி.மீ. குறைந்தால் 7 × 0.7 = 4.9, அதாவது 5 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் மேகம் மூடியிருக்கிறது என்று பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்போதுதான் மேற்கிலிருந்து காற்று பேயாக அடிக்கும். மேகம் வெயிலைக் குறைத்தாலும் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிடத் தொட்டியைப் பாருங்கள்.

இரண்டாவது எண், பந்தலில் எவ்வளவு இலை இருக்கிறது என்பது. கலிபோர்னியாவில் திராட்சைக் கொடிகளை மண்ணோடு சேர்த்து எடை போடும் பெரிய தொட்டிக்குள் வளர்த்து, அவை குடிக்கும் தண்ணீரை அளந்தார்கள். அதில் கிடைத்த உறவு மிக எளிமையானது: உச்சி வெயிலில் தரையில் விழும் நிழலின் சதவீதத்தை 0.017 ஆல் பெருக்கினால் பயிர்க் காரணி, அதாவது முதல் எண்ணில் எத்தனை பங்கைப் பந்தல் குடிக்கிறது என்பது, வந்துவிடும். 20 சதவீதம் நிழல் என்றால் 0.34. 50 சதவீதம் என்றால் 0.85.

நிழலை அளக்கக் கருவி வேண்டாம். மதியம் 12 மணியை ஒட்டி, 5 மீட்டர் டேப்பை வரிசைக்குக் குறுக்கே தரையில் விரியுங்கள். ஒவ்வொரு 10 செ.மீ. கோட்டிலும் வெயிலா நிழலா என்று பாருங்கள். மொத்தம் 50 கோடு. நிழலில் இருப்பவற்றை எண்ணி இரண்டால் பெருக்கினால் சதவீதம். நாலைந்து இடத்தில் செய்து சராசரி எடுங்கள். கவாத்திலிருந்து முதல் 50 நாளைக்கு வாரம் ஒருமுறை அளந்தால் போதும். அதன்பின் பந்தல் மூடிவிடும்.

மூடிய பந்தலில் நிழல் 70, 80 என்று போகும்போது இந்தப் பெருக்கலை அப்படியே நீட்டக் கூடாது, எண் 1-ஐத் தாண்டி ஓடும். உணவு வேளாண் அமைப்பு பழத் திராட்சைக்குத் தரும் காரணிகள் தொடக்கத்தில் 0.3, நடுவில் 0.85, முடிவில் 0.45. என் அபிப்பிராயம்: பாதிப் பந்தல் வரை நிழல் கணக்கு, அதன்பின் 0.85-இல் நிறுத்தி, இரண்டடி ஆழத்து மண் காய்கிறது என்றால் மட்டும் 1 வரை ஏற்றுங்கள்.

லிட்டரை மணியாக மாற்றுவது

பன்னீர் திராட்சைக்கு வழக்கமான இடைவெளி 3 × 2 மீட்டர். ஒரு கொடிக்கு 6 சதுர மீட்டர், ஏக்கருக்கு 674 கொடி. பந்தல் நிறைந்த நாளில்:

5 மி.மீ. × 0.85 = 4.25 மி.மீ.
4.25 × 6 = 25.5 லிட்டர் ஒரு கொடிக்கு
சொட்டு நீரில் 10 சதவீதம் வீணாகும் என்று வைத்து, 25.5 ÷ 0.9 = சுமார் 28 லிட்டர்

கொடிக்கு 4 லிட்டர் டிரிப்பர் இரண்டு இருந்தால் மணிக்கு 8 லிட்டர். மூன்றரை மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் 7 மணி நேரம். ஏக்கருக்கு அன்றாடத் தேவை 19,000 லிட்டரை ஒட்டி வரும்.

ஆனால் 4 லிட்டர் என்று அட்டையில் போட்ட டிரிப்பர் நிஜமாகவே 4 லிட்டர் விடுகிறதா என்பது வேறு கேள்வி. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அடைத்து, மூன்று வருஷம் ஆன குழாயில் பாதி கண்ணைத்தான் திறந்திருக்கும். சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மருந்து அளக்கும் கோப்பையை டிரிப்பருக்குக் கீழே 36 வினாடி பிடியுங்கள். விழுந்த மில்லிலிட்டரை 10 ஆல் வகுத்தால் மணிக்கு இத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 40 மில்லி விழுந்தால் 4 லிட்டர். குழாயின் தலை, நடு, கடை என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் பிடியுங்கள். கடைசியில் பாதிதான் விழுகிறது என்றால் மோட்டார் நேரத்தைக் கூட்டுவது தீர்வு ஆகாது. தலைப்பக்கத்துக் கொடிகள் மூழ்கும். லேட்டரல் முனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள், பில்டரைச் சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் ஆசிட் விட்டு அடைப்பை எடுங்கள்.

மோட்டாரின் வேகத்தை 200 லிட்டர் டிரம்மை வைத்து அளக்கலாம். 40 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். மேலே சொன்ன அமைப்பில் ஏக்கருக்கு மணிக்கு 5,400 லிட்டர் போகும், ஆகவே அந்த மோட்டார் ஒரே நேரத்தில் மூன்று ஏக்கரைத் தாங்கும். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் எத்தனை வால்வு திறந்து மூட முடியும் என்பதை இதிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர் அமைக்கத் தமிழக அரசு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. இன்னும் பாத்தியில் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

பருவத்துக்குப் பருவம்

கவாத்திலிருந்து அறுவடைக்குச் சுமார் 120 நாள். எல்லா நாளும் ஒரே மதிப்பு உள்ளவை அல்ல. எந்த இடத்தில் தண்ணீரைப் பிடிக்கலாம், எங்கே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் நுணுக்கம்.

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்துகிறோம். கிளை முற்றி, வளர்ச்சி அடங்கிய நிலையில் வெட்டினால்தான் மொட்டு ஒரே சீராக வெடிக்கும். வெட்டி, உரம் வைத்தபின் ஒரே ஒரு முழுத் தண்ணீர்: இரண்டடி ஆழம் வரை நனையும்படி. சொட்டு நீர் வைத்திருப்பவர்கள் இதற்காகத் தொடர்ந்து பல மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். மறுநாள் தோண்டிப் பார்த்து, ஈரம் எட்டியதா என்று உறுதி செய்யுங்கள்.

அதற்கு அப்புறம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மொட்டு வெடித்துத் தளிர் விரல் நீளம் வரும் வரை ஒரு கொடிக்குத் தேவை நாளுக்கு 8 முதல் 10 லிட்டர்தான். இலை இல்லாத பந்தல் பார்க்கப் பாவமாக இருக்கும், மொட்டு வெடிக்க வேண்டுமே என்று நாள்தோறும் விடத் தோன்றும். மொட்டு வெடிப்பதற்கான உணவு தண்டிலும் வேரிலும் ஏற்கெனவே இருக்கிறது. மண்ணில் காற்றோட்டம் இல்லாமல் ஊறிக் கிடந்தால் வேர்தான் சோர்ந்துபோகும், உரமும் கரைந்து இறங்கும்.

தளிர் ஓடும் காலத்தில், இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை, நிழல் கணக்கைப் பின்தொடர்ந்து வாரா வாரம் ஏற்றிக்கொண்டே போங்கள். பூக்கும் நாட்களில், கவாத்திலிருந்து 35, 40 நாள் வாக்கில், ஏற்றவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி விட்டால் கொழுந்து கட்டுக்கடங்காமல் ஓடி, பூவுக்குப் போக வேண்டிய உணவை இழுத்துக்கொள்ளும். காயப் போட்டால் பூ கொட்டும், குலை சல்லடையாக நிற்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அடுத்த வெட்டில் குலை தரப்போகும் மொட்டுகள், இந்த வெட்டில் பூ பூக்கும் நாட்களில்தான் கிளையின் அடிக்கணுக்களில் உருவாகத் தொடங்குகின்றன. பந்தல் இலையால் அடைந்து இருட்டினால் அந்த மொட்டில் குலைக்குப் பதில் பற்றுக்கம்பிதான் வரும். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுக்கும் ஊரில் இந்தச் சமயத்து அதிகத் தண்ணீர் நான்கு மாதம் கழித்து வெறும் கொடியாக வந்து நிற்கும், யாருக்கும் காரணம் புரியாது.

பிஞ்சு பிடித்ததிலிருந்து நிறம் மாறும் வரை, ஏறக்குறைய 45-ஆம் நாளிலிருந்து 85 வரை, ஒரு நாள்கூட ஏமாற்றக் கூடாத பருவம். பழத்துக்குள் செல்கள் பெருகுவதும் விரிவதும் இப்போதுதான். மிளகு அளவுப் பிஞ்சு ஒருமுறை தண்ணீர் இல்லாமல் சுருங்கி நின்றுவிட்டால், பின்னால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் இழந்த பருமன் திரும்பாது. முழு அளவு, குறித்த இடைவெளி, தோண்டிப் பார்த்தல் மூன்றும் இந்த 40 நாளுக்குத் தப்பவே கூடாது.

நிறம் மாறத் தொடங்கியதும் பழத்துக்குத் தண்ணீர் வரும் பாதையே மாறுகிறது. அதுவரை வேரிலிருந்து நேரே ஏறும் குழாய் வழியாக வந்தது. இனி பெரும்பகுதி இலையிலிருந்து சர்க்கரையோடு சேர்ந்து வருகிறது. அதனால் இப்போது அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம்: காரணி 0.85-இலிருந்து 0.6, அப்புறம் 0.45. குறைத்தால் கொழுந்து ஓட்டம் நிற்கும், வெளிச்சம் குலைக்கு இறங்கும், பன்னீருக்கு உரிய கருநீலம் ஏறும். அதிகம் விட்டால் நிறம் பாதியில் நிற்கும், இனிப்பு நீர்க்கும். ஆனால் குறைப்பது என்பது காயப் போடுவது அல்ல. நன்றாகக் காய்ந்த மண்ணில் திடீரென்று ஒரு பெருந்தண்ணீரோ மழையோ வந்தால் மெல்லிய தோல் வெடிக்கும். ஐப்பசி மழையில் அறுவடை மாட்டிக்கொள்ளும் தோட்டங்களில் வெடிப்புக்கு மழையை மட்டும் குறை சொல்கிறோம். அதற்கு முந்திய வாரம் மண் எப்படி இருந்தது என்பதும் அதில் பங்கு வகிக்கிறது.

அறுவடைக்கு முந்திய வார நிறுத்தம் கரிசலுக்கும் கனத்த மண்ணுக்கும் அப்படியே பொருந்தும். சரளைத் தோட்டத்தில் கோடையில் ஏழு நாள் நிறுத்தினால் பழம் வதங்கிக் காம்பு காய்ந்துவிடும். அங்கே மூன்று நாள் போதும்.

அறுவடை முடிந்ததும் தோட்டத்தை மறந்துவிடுவது பலர் வழக்கம். குலை இறங்கிய பின்னும் பச்சை இலை இருக்கும் வரை அது வேருக்கும் தண்டுக்கும் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மொட்டு வெடிக்கப்போவது அந்தச் சேமிப்பில். ஒரு நல்ல தண்ணீர் உடனே, அதன்பின் பாதி அளவு, கடைசியில் கவாத்துக்கு முந்திய நிறுத்தம்.

புதிதாக நட்ட செடிக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. வேர் ஒரு அடிக்குள் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட வேண்டும். டிரிப்பரைத் தண்டை ஒட்டி வைத்துத் தொடங்கி, கொடி பந்தல் ஏறியபின் ஒன்றரை அடி தள்ளி நகர்த்துங்கள்.

கொடி சொல்வதையும் கேளுங்கள்

மண் கணக்கு சரியா என்று சோதிக்கக் கொழுந்து நுனியைப் பார்ப்பது நல்ல வழி. பற்றுக்கம்பிகள் நுனியைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கொடி வேகமாக ஓடுகிறது, தண்ணீர் தாராளம். பற்றுக்கம்பியும் நுனியும் சமமாக நின்றால் அடங்கத் தொடங்கியிருக்கிறது. பற்றுக்கம்பி வாடித் தொங்கினாலோ உதிர்ந்தாலோ கொடிக்குத் தாகம். பிஞ்சுப் பருவத்தில் முதல் நிலைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் வைத்திருங்கள். பழம் நிறம் மாறியபின் இரண்டாம் நிலைதான் நல்லது.

மதியம் இரண்டு மணிக்கு வெயில் படும் இலையை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கும் இலை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். சுட்டால் இலைத்துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். அடி இலைகள் மஞ்சளாகி உதிரும் வரை காத்திருந்தால் நீங்கள் பல நாள் தாமதம்.

இலை வாடியிருப்பதைப் பார்த்ததும் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் மட்டும் ஒருமுறை தோண்டுங்கள். நீர் தேங்கி வேர் அழுகினாலும், நூற்புழு தாக்கினாலும் கொடி இதே போலத்தான் வாடும்.

மழையும் உப்பும்

மழையை அளக்க நேரான சுவருள்ள டப்பா ஒன்று போதும். 5 மி.மீ.க்குக் குறைவான தூறலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இலையும் மேல் மண்ணும் குடித்துவிடும். 20 மி.மீ. பெய்தால், நாளைக்கு 4 மி.மீ. செலவு என்ற கணக்கில் ஐந்து நாள் விடுப்பு. மண் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மழையில் பாதிகூட உங்களுக்குச் சேராது. ஈரம் நீடிக்கும் பந்தலில் அடிச்சாம்பல் நோய் வேகமாகப் பரவும் என்பதால் மழை நாட்களில் தரையையும் நனைத்து வைக்காமல் இருப்பது இரட்டிப்பு லாபம்.

போர் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் (dS/m) என்ற அளவைத் தாண்டினால் திராட்சையின் விளைச்சல் குறையத் தொடங்கும். இலை ஓரம் கருகுவதும், டிரிப்பர் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பதும் அடையாளம். இப்படிப்பட்ட தண்ணீருக்கு, கணக்கைவிட 10, 15 சதவீதம் கூடுதலாக விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். புதிதாக நடுபவர்கள் உப்பையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றை வாங்கலாம். நீண்ட வெயிலுக்குப் பின் சிறு மழை வரும்போது உப்புத் தோட்டத்தில் சொட்டு நீரை நிறுத்தாதீர்கள். ஓரத்தில் சேர்ந்திருக்கும் உப்பை அந்தச் சிறு மழை நேரே வேர்ப்பகுதிக்குள் கழுவிக்கொண்டு வரும். டிரிப்பர் ஓடிக்கொண்டிருந்தால் அது உள்ளே புகாது.

கிணற்றில் தண்ணீர் போதாவிட்டால்

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லுக்கு வாய்க்கால் தண்ணீர் உண்டு. திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை கிணற்றையும் போரையும் நம்பித்தான் நிற்கின்றன. அதனால் கவாத்துத் தேதியைக் குறிக்கும் முன்பே தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஒரு வெட்டுக்குத் தோராயமான தேவை, தினம் 5 மி.மீ. ஆவியாகும் பருவத்தில்: முதல் 20 நாளுக்கு 30 மி.மீ., அடுத்த 25 நாளுக்கு 70, பிஞ்சு பெருக்கும் 40 நாளுக்கு 170, கடைசி 35 நாளுக்கு 105. மொத்தம் 375 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 15 லட்சம் லிட்டர். இதில் ஏறக்குறைய பாதி அந்த 40 நாளிலேயே போகிறது. கிணறு ஊறும் வேகத்தை அந்த 40 நாளோடு ஒப்பிடுங்கள், மொத்தத்தோடு அல்ல. பன்னீர் திராட்சையை ஆண்டு முழுக்க எந்த மாதத்திலும் வெட்டலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. கிணறு வற்றும் மாதத்தில் 45-ஆம் நாள் வருகிறதா? அப்படியானால் கவாத்தை மூன்று வாரம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துங்கள்.

கவாத்துக்குப் பின் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால், பாசனத்தைக் குறைக்க வேண்டிய வரிசை இது. முதலில் நிறம் மாறிய பிந்திய நாட்களில் குறையுங்கள். அதுவும் போதாதென்றால் தளிர் ஓடும் காலத்தில் 20 சதவீதம் குறைத்து, கூடவே கொழுந்தையும் கிள்ளுங்கள். இலை குறைந்தால் தேவையும் குறையும். பூக்கும் நாளிலும் பிஞ்சு நாளிலும் கை வைக்க நேர்ந்தால் குலைகளைக் கழித்துவிடுங்கள். கொடிக்கு 30 குலை இருந்தால் 20 ஆக்குங்கள். எல்லாவற்றையும் அரைகுறையாக வளர்த்து விலை போகாத சின்னப் பழமாக எடுப்பதைவிட, குறைந்த குலையை முழு அளவில் எடுப்பது மேல். அப்புறம், காய்ந்த சருகையோ கரும்புச் சோகையையோ டிரிப்பர் வட்டத்தில் நாலு அங்குலம் பரப்பி மூடுங்கள். மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் பங்கு குறையும். பந்தல் இன்னும் மூடாத முதல் மாதத்தில்தான் இதனால் பலன் அதிகம், அதனால் கவாத்து முடிந்த வாரமே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.